கருவேலங்கொல்லி

சீமைக்கருவேலம் சாகத் தொடங்கிய ஆண்டில் முதுகுளத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வேட்டுப் போட்டுக் கொண்டாடினார்கள். கண்மாயிலும் வயலிலும் வரப்பிலும் தலைமுறை தலைமுறையாக அடைத்துக் கிடந்த மரம் அது. பொக்லைன் வைத்துப் பிடுங்கிப் போட்டாலும் அடுத்த மழைக்கு மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மரம் நின்ற நிலையிலேயே மஞ்சளாகி, இலைமேல் காவி நிறத் தூள் பூத்து, ஒரே கோடையில் விறகாகிப் போனது.

அந்தத் தூள் ஒரு பூஞ்சை. அதை உருவாக்கியவள் காளீஸ்வரி. அதே வட்டாரத்தில் பிறந்தவள். பரமக்குடி சாலையில் இருந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், தன் வயதில் பாதியைக் கண்ணாடித் தட்டுகளுக்கு முன்னால் கழித்தவள். ஊர்க்காரர்கள் அவளை அழைத்துப்போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து கேட்டார்.

"இது மத்த மரத்துக்குப் பரவாதாம்மா?"

"பரவாதுங்கய்யா. ஒவ்வொரு மரத்து எலைக்கும் ஒரு பூட்டு இருக்குன்னு வச்சுக்கங்க. பூஞ்சை உள்ள போகணும்னா அதுக்குச் சாவி வேணும். நாங்க சீமைக்கருவேலத்துப் பூட்டுக்கு மட்டும் சாவி வெட்டியிருக்கோம். மத்த எலையில விழுந்தா வாசல்லயே காஞ்சு செத்துரும்."

கூட்டம் கலைகிறபோது ஒரு பெண் அவள் முன்னால் வந்து நின்றாள். கையில் கரி ஏறிய ரேகைகள். பெயர் பாண்டியம்மாள், அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவள்.

"மரம் போயிருச்சு, சரி. எங்களுக்கு என்ன வழி தாயி?"

"நெலம் திரும்பி வருதுல்லக்கா. மொளகா போடுங்க, ஆடு வளங்க. இனி புல்லு மொளைக்கும் பாருங்க."

அவள் சொன்னது நடந்தது. அந்த ஆண்டு மழைக்குக் கண்மாய் தளும்பியது. வற்றிக் கிடந்த கிணறுகளில் ஊற்று தெரிந்தது. ஆளுயர முள் நின்ற இடத்தில் அருகும் கோரையும் பரந்தன. செங்கால் நாரைகள் கூட்டமாக வந்து இறங்கியதைப் பார்க்க மதுரையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். பாண்டியம்மாள் ஆடு வாங்கினாள். காளீஸ்வரி அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

காளீஸ்வரியின் கணவன் ஜெபஸ்டின் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். கென்யாவின் புல்வெளிகளில் ஒட்டகச்சிவிங்கிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தான். ஆண்டுக்கு இரண்டு முறை வருவான். மற்ற நாட்களில் வாழ்க்கை தொலைபேசியில்தான். அவன் இருந்த நாட்டிலும் ஏரிக்கரைத் தாழ்நிலங்களை இதே சீமைக்கருவேலம் தின்றுகொண்டிருந்தது. எப்போதோ யாரோ நிழலுக்கென்று கொண்டுவந்து நட்டது, மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டது. பொங்கலுக்கு வந்திருந்தவன் அடுப்படி மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு அதைத்தான் பேசினான்.

"ஆடு அந்த மரத்துக்க நெத்தத் தின்னு பல்லு கொட்டி நிக்குது, கேட்டியா. பல்லில்லாத ஆடு புல்லக் கடிக்க முடியாம அப்டியே காஞ்சு சாவுது. வரிக்குதிரைக்கு மேய எடமில்ல. ஒனக்க மருந்தக் கொஞ்சம் தா. அனுமதி எல்லாம் நான் வாங்கியாச்சு."

"இன்னும் ஒரு வருசம் போகட்டுங்க. அங்க இருக்குற வேலமரத்துல எல்லாம் இன்னும் சோதிச்சுப் பாக்கல."

"இங்க சோதிச்சது போதாதா?"

"இங்க இருக்குறது வேற, அங்க இருக்குறது வேற."

"ஒரு வருசத்துல அங்க என்னல்லாம் போவும்னு ஒனக்குத் தெரியுமா பிள்ள? நான் பாத்துட்டே இருக்கேன்."

காளீஸ்வரி பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தன்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. கேட்டது இந்த ஒன்றைத்தான். அவன் திரும்பிப் போகிறபோது பெட்டிக்குள் முத்திரையிட்ட குப்பிகள் இருந்தன. அவனைப் பார்த்து மற்ற நாடுகளும் கேட்டன. மரம் எங்கெல்லாம் பரவிக் கிடந்ததோ அங்கெல்லாம் குப்பி போனது. ஆஸ்திரேலியாவுக்கு, மரம் பிறந்து வளர்ந்த அமெரிக்கக் கண்டத்துக்கே கூட.

வன்னி மரத்தில் அவள் அதை முதலில் பார்த்தது மூன்றாம் ஆண்டு ஆவணியில். சாயல்குடிப் பக்கம் ஒரு கோயிலுக்கு வெளியே நின்ற பழைய மரம். இலைக்கு அடியில் காவி நிறப் புள்ளிகள். புழுதியாக இருக்கும் என்று விரலால் துடைத்தாள். போகவில்லை. கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்து நுண்ணோக்கியில் பார்த்தாள். தன் கையெழுத்தைத் தானே அடையாளம் காண்பது போல அவளுக்கு அது தெரிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து மேலதிகாரிகளிடம் சொல்லப் போனாள்.

மேலதிகாரிகள், உறுதியாகும்வரை வெளியே பேச வேண்டாம் என்றார்கள். அவள் ஜெபஸ்டினை மட்டும் கூப்பிட்டாள்.

"அங்க அதைத் தூவுறத நிறுத்துங்க. இங்க வன்னிக்கு வந்துருச்சு."

"எப்டி வரும்? ஒரு சாவி ஒரு பூட்டுன்னு நீதானே சொன்ன?"

"நான் சொன்னது சின்ன அளவுலங்க. இது கோடிக்கணக்கான மரத்துல பெருகியிருக்கு. பெருகப் பெருகச் சாவி தேயுது. தேஞ்ச சாவி பக்கத்துப் பூட்டுலயும் நுழையும். சீமைக்கருவேலம், வன்னி, புளி, புங்கை, துவரை, உளுந்து எல்லாம் ஒரே குடும்பம். அந்தப் பூட்டெல்லாம் ஒரே ஆசாரி செஞ்ச மாதிரித்தான்."

அந்தப் பக்கம் வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"போன மாசமே எல்லா எடத்துலயும் தூவியாச்சு," என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாட்டுக் கருவேலம் போனது. மதுரைச் சாலையின் இருபுறமும் குடை பிடித்து நின்ற புளியமரங்கள் ஒரு மாசி மாதத்தில் கொட்டித் தீர்த்தன. அந்தச் சாலையில் பேருந்துக்கு நின்றவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். அகத்தி போனது. புரட்டாசியில் விதைத்த உளுந்து இரண்டிலை விட்டதும் காவி பிடித்துக் கருகியது. துவரை, பாசிப்பயறு, நிலக்கடலை, எல்லாவற்றுக்கும் அதே கதை. சாம்பார் என்ற சொல் உணவகப் பலகைகளிலிருந்து மெல்ல மறைந்தது. பால்வாடிகளில் சுண்டல் நின்றது. குழந்தைகளின் கை கால் மெலிந்து வயிறு முன்தள்ளியதை மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். மண்ணுக்கு உரம் கொடுக்கிற குடும்பமே செத்துவிட்டதால் நெல்லும் கம்பும் வெளிறி நின்றன.

உலகத்தின் மற்ற மூலைகளும் தப்பவில்லை. பூஞ்சைத் தூள் கால்நடையின் குளம்பிலும் கப்பலில் போன தானிய மூட்டையிலும் ஒட்டிக்கொண்டு பயணம் போனது. அமேசான் காட்டின் பெரிய மரங்களில் பலவும் இந்தக் குடும்பந்தான் என்பதை மக்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். அவை விழுந்த இடங்களில் வெயில் தரையைத் தொட்டது, தரை காய்ந்தது, காய்ந்த தரையில் தீ நடந்தது. காட்டின் மூச்சில் உருவாகி வந்த மழை, வர வேண்டிய மாதத்தில் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் வேலங்காடுகள் எலும்புக்கூடுகளாயின. குளிர் நாட்டு மேய்ச்சல் நிலங்களில் தீவனப்புல்லோடு கலந்து பூத்த அதே குடும்பத்துச் செடிகள் அழிந்தபோது தேனீக்கள் கூடு திரும்பவில்லை. காளீஸ்வரி செய்தி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். பார்க்காவிட்டாலும் அவளுக்கு வரிசை தெரிந்திருந்தது.

அவளை விசாரித்தார்கள். குழு போட்டார்கள். அவளை விட்டால் அந்தப் பூஞ்சையை அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதால் அவளையே நிலையத்துக்குப் பொறுப்பாக்கினார்கள். ஊரில் அவளை யாரும் திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பாண்டியம்மாள் ஆடுகளை விற்றுவிட்டு நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்திருந்தாள். மோர் இல்லை. இருவரும் கருப்பட்டி போட்ட வெறும் காப்பியை எதிரெதிரே உட்கார்ந்து குடிப்பார்கள்.

ஜெபஸ்டினின் அழைப்புகள் குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டான்.

"இங்க வேலமரம் ஒண்ணும் இல்ல. ஒட்டகச்சிவிங்கி எல்லாம் காஞ்ச மரத்துக்கு அடியில வந்து நிக்குது. பழக்கம், கேட்டியா. கழுத்த நீட்டிப் பாக்கும். நாக்க நீட்டும். கெளைய நக்கிட்டு நிக்கும்."

"நீங்க ஊருக்கு வந்துருங்க."

"யானை பட்டைய உரிச்சுத் தின்னுட்டுப் போயிருச்சு. இதுக்கு அதுவும் இல்ல. குனிஞ்சு புல்லு மேயதுக்கு இதுக்கு ஒடம்பு வசப்படாது. ஒண்ணு விழுந்தா எந்திக்காது. உயிரு போவ நாளாகும்."

"வந்துருங்கன்னு சொல்றேன்ல."

"வனக் காவலருங்க சுட்டு முடிக்கானுவ. நேத்தைக்கு ஒருத்தன் துப்பாக்கியக் கீழ வச்சுட்டு அழுதான். நான் வாங்கிச் சுட்டேன். குட்டியில இருந்து எனக்குத் தெரிஞ்சது அது. நெத்தியில வெள்ள விழுந்து, கண்டா அடையாளம் தெரியும்."

காளீஸ்வரி மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். அவனும் அதையே நினைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. இருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழைக்குப் பின் பாண்டியம்மாள் ஓடி வந்தாள். கண்மாய்க்குள் பச்சை தெரிகிறதாம். காளீஸ்வரி போய்ப் பார்த்தாள். விரற்கடை உயரத்தில், இறகு போன்ற இலைகளோடு, சீமைக்கருவேலங் கன்றுகள். காவி இல்லை. மஞ்சள் இல்லை. அவை தழைத்தன. முழங்கால் உயரம் வந்தன, இடுப்பளவு வந்தன. பூஞ்சைக்கு அசையாத ஒரு வகை எப்படியோ மண்ணுக்குள் கிடந்த விதையிலிருந்து பிழைத்து வந்திருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். உலகத்தில் இந்த ஒரு இடத்தில்தான்.

ஊர்க்காரர்கள் கன்றுகளைச் சுற்றி வேலி கட்டினார்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். காய்க்கத் தொடங்கியதும் நெற்றைப் பொறுக்கி மாவாக்கிக் கஞ்சியில் கலந்தார்கள். சோர்ந்து கிடந்த மண் அந்த மரத்தடியில் மறுபடி கறுத்தது. அரசாங்கம் ஆணை போட்டது: மரத்தை வெட்டக் கூடாது, விதை காளீஸ்வரியின் நிலையம் வழியாக மட்டுமே வெளியே போக வேண்டும். வெளிநாடுகளிலிருந்து வேண்டுகோள்கள் வரிசை கட்டின.

காளீஸ்வரி மட்டும் அந்த இலைகளை வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கன்று, இரண்டு கன்று என்று தொடங்கி, கண்மாயின் நாலு கரையிலிருந்தும் எடுத்தாள். பூ விட்ட மரத்திலிருந்து எடுத்தாள். விதையைப் பிளந்து எடுத்தாள். பிறகு ஜெபஸ்டினைக் கூப்பிட்டாள். அவனும் விதை கேட்டுத்தான் எழுதியிருந்தான்.

"அது பிழைச்ச மரம் இல்லங்க. பூஞ்சை உள்ளயே இருக்கு. மரத்தக் கொல்லாம அதோட குடும்பம் நடத்துது. விதைக்குள்ளயும் இருக்கு. மரம் வளந்து பூக்குறப்ப மறுபடியும் தூளு வெளிய வருது. சுத்து வட்டாரத்துல அவரை போட்டா, துவரை போட்டா, மொளைச்ச ஒடனே சாகுது. நான் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்போ?"

"பூஞ்சைக்கு உயிருள்ள மரம் வேணும். மரமே இல்லாத எடத்துல அது பத்து இருவது வருசத்துல மண்ணோட மண்ணாப் போயிரும். அப்புறம் விதை வங்கியில பனிக்கட்டிக்குள்ள பத்திரமா வச்சிருக்குற பழைய விதைய எடுத்து விதைக்கலாம். உங்க வேலமரம் திரும்பும். ஆனா இந்த மரத்த அங்க நட்டா, இது நிக்கிற வரைக்கும் பூஞ்சையும் நிக்கும். வேற எதுவும் வராது. எந்தக் காலத்துலயும்."

"ஒங்க ஊருல?"

"எங்க ஊர்ல ஏற்கனவே மொளைச்சு நிக்குது. சொல்லிப் பாத்தேன். வெட்டணும்னு சொன்னதும் அரிவாளத் தூக்கிட்டு வந்துட்டாக. பிள்ளைக பசியா இருக்குறப்ப யாரு கேப்பா?"

"இங்க ஒட்டகச்சிவிங்கி பதினொண்ணு இருக்கு," என்றான். "லாரியில எல கொண்டு வந்து போட்டு வச்சிருக்கோம். அதுவும் எத்தன நாளைக்கோ. இருவது வருசம் கழிச்சு வேலமரம் வந்தா, அதத் திங்க யாரு இருப்பா? சொல்லு."

"வேற எடத்துலயும் இருக்குமே. மிருகக்காட்சி சாலையில…"

"பிள்ள, நீ அனுப்பாட்டியும் வேற யாராவது வித்துருவானுவ. சந்தையில இப்பவே பேரம் ஓடுது. அத நடவா, வேண்டாமான்னு நான் யோசிச்சு முடிச்சாச்சு. நான் இந்தப் பதினொண்ணையும் பாத்துட்டேன். ஒன்னால அனுப்ப முடியுமா, முடியாதா?"

காளீஸ்வரி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேலிக்குள் கன்றுகள் காற்றில் அசைந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன.

"அனுப்புறேன்," என்றாள்.

மறுநாளே பாண்டியம்மாளைக் கூட்டிக்கொண்டு போய் நெற்றுப் பொறுக்கினாள். மூட்டைகளை நிலையத்துக்குக் கொண்டுவந்து, நெற்றை உடைத்து விதையைப் பிரித்தார்கள். சொத்தை, சுருங்கல் எல்லாம் தள்ளிவிட்டு முழு விதையாக எடுத்தார்கள். பாண்டியம்மாள் சாக்கைத் தைக்க ஊசியைக் கோத்தபோது காளீஸ்வரி தடுத்தாள். விதைகளைத் தட்டுகளில் பரப்பினாள். கருவிகளைச் சூடேற்றிச் சுத்தம் செய்கிற பெரிய அடுப்பின் கதவைத் திறந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள்.

"என்ன தாயி இது? வறுத்தா மொளைக்குமா?"

"மொளைக்காதுக்கா."

பாண்டியம்மாள் ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திவைத்தாள்.

"அந்தத் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"காத்துக்கிட்டு இருப்பாரே."

"காத்துக்கிட்டு இருப்பாரு. விதை வந்துருச்சுன்னு நெனச்சா வேற எடத்துல வாங்க மாட்டாரு. வாங்காம இருந்தா அந்த நெலமாச்சும் சுத்தமா இருக்கும். சூட்டுல பூஞ்சையும் செத்துரும், விதையும் செத்துரும். மத்த நாட்டுக்குப் போற மூட்டையும் இப்பிடித்தான் போகப் போகுது. நீங்க யாருகிட்டயாச்சும் சொன்னா என்னைய உள்ள வச்சுருவாக."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்," என்றாள் பாண்டியம்மாள். ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டே, "ஆனா அங்க பட்டினி கெடக்குறதுக வாயில்லாச் சீவன்," என்றாள்.

காளீஸ்வரி அடுப்பை மூடினாள். விதைகள் கருகவில்லை, அவள் வைத்த சூடு அந்த அளவுக்கானது. ஆறிய பின் எடுத்துப் பார்த்தால் பழைய நிறம், பழைய பளபளப்பு. வெடித்தவற்றை மட்டும் பொறுக்கி எறிந்தாள். மீதியைச் சாக்கில் கொட்டித் தைத்தார்கள்.

விதை போய்ச் சேர்ந்த அன்று ஜெபஸ்டினின் குரலில் பழைய கலகலப்பு வந்திருந்தது. வறண்ட ஆற்றுப் படுகை நெடுகக் குழி எடுத்திருக்கிறார்கள். மேய்ச்சல்காரப் பெண்கள் கழுதைமேல் தண்ணீர் ஏற்றி வந்து ஊற்றுகிறார்கள். விதையின் தோல் தடிப்பு என்பதால் வெந்நீரில் ஊறவைத்து, மேல் தோலைச் சுரண்டி, ஒன்றுக்கு மூன்றாகப் போட்டிருக்கிறான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்றாள்.

பிறகு வாரம் ஒருமுறை கூப்பிட்டான்.

"இன்னும் மொளைக்கல்ல, கேட்டியா."

"பொறுங்க. அந்த மண்ணுக்கு நேரமெடுக்கும்."

அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். ஒட்டகச்சிவிங்கிகள் எத்தனை என்று அவன் சொல்வதை நிறுத்தியிருந்தான். அவளும் கேட்கவில்லை. ஒருமுறை பேச்சுக்கு நடுவில் தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், குழிக்கு நிழல் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். போட்டுப் பாருங்கள் என்றாள்.

கார்த்திகையில் ஒருநாள் காலையில் கூப்பிட்டான். பின்னால் காற்றும், யாரோ பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன.

"இங்க நேத்தைக்கு மழ பெஞ்சிருக்கு. எத்தனையோ மாசத்துக்குப் பொறவு. ஒரு குழியில மண்ணு லேசா வெடிச்ச மாதிரி இருக்கு. நான் பக்கத்துலதான் குத்த வச்சு இருக்கேன். நாளைக்குத் தலை காட்டும்னு நெனைக்கேன்."

"காட்டும்," என்றாள் காளீஸ்வரி.

"நல்ல விதையாப் பாத்துத்தானே அனுப்புன?"

"ஒவ்வொண்ணா என் கையாலதாங்க பொறுக்குனேன்," என்றாள் அவள். அது உண்மை.